அரக்கனுக்கு ஒட்டிய அம்புக்குறி

புத்தகத்தை முதலில் படித்துவிட்டுப் படம் பார்க்க வருகிறவனைத் தியேட்டர் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அவனுக்கும் நிம்மதி, பக்கத்து சீட்டுக்காரருக்கும் நிம்மதி. நானே அப்படிப்பட்ட ஆள் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

மாயாஜாலக் கதையைப் படமாக்குவது பற்றி எனக்கு அசைக்க முடியாத கருத்துகள் இருந்தன. (கேட்டவர் யாருமில்லை. ஆனாலும் இருந்தன.) படிக்கும்போது அரக்கன் எவ்வளவு உயரம் என்பதை நான் முடிவு செய்வேன். படத்தில் வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். நகைச்சுவைக் கதை என்றால் இன்னும் மோசம். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பிய பிறகுதான் சிரிப்பு வரும்; படத்தில் ‘டொய்ங்’ என்று ஒரு சத்தம் போட்டு, சிரிக்க வேண்டிய இடம் இதுதான் என்று கைகாட்டுவார்கள்.

மாயமும் சிரிப்பும் கலந்த ஒரு நாவல் எனக்கு உயிர். பத்தாவதோடு பனியன் கம்பெனிக்கு வந்துவிட்ட எனக்கு, லைப்ரரியில் அட்டை கிழிந்து கிடைத்த அந்தப் புத்தகம்தான் காலேஜ். சோறு போடாமல் சண்டைக்குக் கிளம்பாத ஓர் அரக்கர் படையின் கதை. அவர்கள் உடுத்துவது இருட்டில் நெய்த துணி. துணி எங்கே முடிகிறது, இருட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று உடுத்தியவர்களுக்கே தெரியாது. அந்த வரியைப் படித்த வாரம் நான் ஒழுங்காக வேலை பார்க்கவில்லை.

வேலை என்றால் செக்கிங். தைத்து வரும் துணியை மேஜையில் விரித்து, தையல் விட்ட இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். திருத்த முடிந்தது ஆல்ட்ரேஷனுக்குப் போகும், முடியாதது ரிஜெக்ட். பல வருடம் இதைச் செய்தால் கண் கெட்டுவிடும். பார்வை குறைந்து அல்ல, அதிகமாகி. பஸ் சீட்டு, பந்தல் துணி, (ஒருமுறை எங்கள் முதலாளியின் முதுகு) எங்கே குறை தெரிந்தாலும் கை தானாகச் சட்டைப் பாக்கெட்டுக்குப் போகும். ஸ்டிக்கர் பட்டை எப்போதும் அங்கேதான் இருக்கும்.

இந்த நிலையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். அவிநாசியில் கோகிலா. அவளுடைய அப்பா சென்னியப்பன் சின்னதாக ஒரு தையல் யூனிட் வைத்திருந்தார். கோகிலாவை எனக்கு ரொம்பவே பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்த மாதிரிதான் தெரிந்தது. அவர் மட்டும் “பார்க்கலாமுங்க” என்றே இழுத்துக்கொண்டிருந்தார். திடீரென்று ஒருநாள் போன்.

“ஞாயித்துக்கிழமை எல்லாருமா ஒரு படத்துக்குப் போறோம். நீங்களும் வாங்க தம்பி. அங்கயே பேசி முடிச்சுக்கலாம்.”

படம், என் அரக்கர் படையேதான்.

அம்மா உடனே என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். “வாயை ஊட்டுலயே வெச்சுட்டுப் போ சாமி. புஸ்தகத்துல அப்படி, இதுல இப்படீன்னு ஆரம்பிச்சீன்னா பொண்ணு கெடைக்காது, பாப்கார்ன்தான் கெடைக்கும்.”

சத்தியம் செய்துவிட்டுக் கிளம்பினேன். ஆர்வக்கோளாறில் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தேன். தியேட்டர் முன்கூடத்தில் கயிறு கட்டி, ஒரு பொம்மைக்கு அரக்கன் வேஷம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். படத்தில் போட்ட அசல் உடுப்பு என்றது பலகை. ஆகா, இருட்டில் நெய்த துணி! கிட்டே போனேன். கறுப்பு பனியன் துணி. தோள்பட்டை ஒருபக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. கீழ் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அக்குளில் நூல் தொங்கியது.

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் சத்தியம்தான். கை மட்டும் போய்ப் போய் வந்தது.

சென்னியப்பன் குடும்பம் கம்பெனி வேனில் தாமதமாக வந்து இறங்கியது. கூடவே டெய்லர்கள் அத்தனை பேரும் பண்டிகைச் சேலையில். படம் போட்டுவிட்டதால் நேராக உள்ளே ஓடினோம். சோற்றுக்காகச் சண்டையையே நிறுத்துகிற அரக்கனுக்குத் திரையில் வயிறே இல்லை, கட்டுக்கட்டாக உடம்பு. பேச்சுக்குப் பேச்சு ‘டொய்ங்’. நான் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“எப்படீங்க தம்பி?” என்றார் சென்னியப்பன்.

“பிரமாதமுங்க மாமா.”

அரக்கர் படை வந்தபோது டெய்லர்கள் விசில் அடித்தார்கள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

இடைவேளையில் விளங்கியது. எல்லோரையும் அந்தப் பொம்மை முன்னால் நிறுத்திய சென்னியப்பன் தொண்டையைச் செருமினார். “இந்தப் படையோட உடுப்பு பூராவும் நம்ம யூனிட்டுல தச்சதுங்க. தம்பிகிட்டக் காட்டோணும்னுதான் கூட்டியாந்தேன். வாங்க, எல்லாருமா போட்டோ...” திரும்பினார். அரக்கன் உடம்பெல்லாம் சிவப்பு அம்பு.

“எவன் பார்த்த வேலை இது? போட்டிக் கம்பெனிக்காரனாத்தான் இருக்கோணும்!”

நானும் ஆமாம் என்று தலையாட்ட ஆரம்பித்திருந்தேன். அப்போதுதான் ராஜாமணி என்ற டெய்லர் அக்கா கேட்டார்: “ஏனுங்க தம்பி, உங்க பாக்கெட்டுல செவப்பா என்னுங்க அது?”

எங்கள் பக்கம் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். “ஏனுங்க, நீங்களுங்களா ஒட்டுனீங்க? சொல்லுங்க” என்றார் சென்னியப்பன். அத்தனை ‘ங்க’ ஒரே மூச்சில் வந்தால் கல்யாணம் நின்றது என்று அர்த்தம்.

வீட்டில் வைத்துவிட்டு வந்த வாய் சரியாக அந்த நேரம் வந்து சேர்ந்தது. “புத்தகத்துல இருட்டுல நெய்த துணீன்னு போட்டிருக்குதுங்க மாமா...”

“இருட்ட எந்த மிஷின்லீங்க தைக்கறது? பேரச் சொல்லுங்க, நாளைக்கே வாங்கிப் போடறேன்.”

அந்த வரியை அத்தனை முறை படித்தும், அதற்கு யாராவது உட்கார்ந்து ஓரம் அடிக்க வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

கோகிலா குனிந்து ஒவ்வொரு அம்பாகப் பார்த்தாள். “ஒட்டுன எடமெல்லாம் சரிதானுங்கப்பா. தோள்பட்டைய நானும் அன்னிக்கே சொன்னேன். ‘அரக்கன யாரு உத்துப் பாக்கப்போறா கண்ணு’ன்னீங்க.” பிறகு ஓர் அம்பை உரித்து, என் சட்டையில் பட்டன் இல்லாத இடத்தில் ஒட்டினாள். “இதயும் ஆல்ட்ரேஷனுக்கு எடுத்துக்கலாங்களாப்பா?”

முதலில் சிரித்தது ராஜாமணி அக்கா. அப்புறம் வேனில் வந்த அத்தனை பேரும். கடைசியாகச் சென்னியப்பன். “நான் ரிஜெக்ட்டுல போட்டுட்டேன். புள்ளை ஆல்ட்ரேஷன்ங்கறா. சரி, போங்க.”

கல்யாண ஆல்பத்தில் நான் தாலி கட்டும் படத்தை உற்றுப் பாருங்கள். என் பட்டுச்சட்டை முதுகில் சிவப்பாக ஓர் அம்பு. (டெய்லர்களின் மொய்.)

சமீபத்தில் அந்தப் படத்தின் இரண்டாம் பாகத்துக்குக் குடும்பத்தோடு போனோம். தியேட்டர் வாசலில் வழக்கமான சோதனை.

“மாப்பிள்ளை, வாயி எங்கீங்க?” என்றார் மாமா.

“ஊட்டுலீங்க மாமா.”

“கை?”

கோகிலா என் பாக்கெட்டிலிருந்து ஸ்டிக்கர் பட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். உள்ளே கயிறு கட்டிப் புது அரக்கன் நின்றிருந்தான். இந்த முறை உடுப்பு வேறொரு கம்பெனியில் தைத்தது. மாமா கிட்டே போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் கோகிலா கவனிக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார்.

“மாப்பிள்ளை, ஒண்ணே ஒண்ணு இருக்குதுங்களா?”