களப்பில் ஒரு மீசன்

"நாளையில இருந்து றம்லாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டன், மாஸ்டர்," என்று வகுப்பு வாசலில் நின்றபடியே சொன்னார் ஹமீட்.

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த மயில்வாகனத்தின் கை நின்றது. முல்லைத்தீவின் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான வகுப்பைக் கொண்டுவர அவர் இரண்டு வருடம் மனு எழுதியிருந்தார். ஆறு பிள்ளைகள் இருந்தால்தான் வகுப்பு நடக்கும் என்று கல்விக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். ஹமீடின் மகள் றம்லாதான் ஆறாவது பிள்ளை.

"ஏன் நானா, என்ன நடந்தது?"

"அணுவுக்குள்ள ரெண்டு சாமான் எதையோ எறிஞ்சு பிடிக்குதாம். அதாலதான் ரெண்டும் பிரியாமல் நிக்குதாம். நீங்கள் படிப்பிச்சனீங்களாம். இந்தப் பொய்யைப் படிக்கவோ பிள்ளையை அனுப்பினனான்?"

"பொய்யில்லை. புரோத்தனும் நியூத்திரனும் மீசன் எண்ட துணிக்கையை மாறி மாறிக் குடுத்து வாங்குது. அந்தக் குடுக்கல் வாங்கல்தான் விசை."

"மீசையோ?"

"மீசன்."

"அதை ஆர் கண்டது?"

"புகைப்படத் தட்டில அது போன கோட்டைக் கண்டிருக்கினம்."

"கோடு நானும் சுவரில கீறுவன். எறிஞ்சு பிடிச்சா விசை வருமெண்டு என்ர கண்ணுக்குக் காட்டுங்கோ. பிறகு அனுப்புறன்."

மயில்வாகனம் பின்வாங்குகிற ஆளில்லை. இரண்டு கதிரைகளை எதிரெதிரே போட்டார். ஒன்றில் ஹமீடை இருத்தி, மற்றதில் தான் இருந்துகொண்டு, தடித்த அகராதியை எடுத்து எறிந்தார். ஹமீட் பிடித்துத் திருப்பி எறிந்தார். கதிரைகள் அசையவில்லை. மயில்வாகனம் பலத்தைக் கூட்டினார். அகராதி ஹமீடின் தொப்பியைத் தட்டிக்கொண்டு யன்னலால் பறந்து, வெளியே போய்க்கொண்டிருந்த அதிபரின் முதுகில் விழுந்தது.

"விசை அதிபருக்குத்தான் போயிருக்கு," என்றார் ஹமீட்.

"நிலம் கதிரையை இழுத்துப் பிடிக்குது, நானா. தண்ணியில செய்வம். சனிக்கிழமை களப்புக்கு வாங்கோ."

சனிக்கிழமை காலை களப்பில் இரண்டு சின்ன வள்ளங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் மயில்வாகனம், மற்றதில் ஹமீட். மீசனுக்குப் பதிலாக ஒரு பூசணிக்காய். செய்தி எப்படியோ பரவி, பாதிக் கடைத்தெரு கரைக்கு வந்துவிட்டது. ஹமீடின் மனைவி லதீபாவும் குடையோடு வந்திருந்தாள்.

மயில்வாகனம் பூசணிக்காயை எறிந்தார். ஹமீட் பிடித்தார். வள்ளங்கள் அசைந்தன. திருப்பி எறிய, இன்னும் அசைந்தன.

"பாத்தீங்களோ, நானா? ஒருத்தரும் தள்ளேல்ல. பூசணிக்காய்தான் விசையைக் கொண்டு திரியுது."

"ஓம், பாத்தன். ஆனா வள்ளம் ரெண்டும் விலகியெல்லோ போகுது? நீங்கள் ஒட்டி நிக்குமெண்டெல்லோ படிப்பிச்சனீங்கள்?"

கரையில் சிரிப்புக் கேட்டது. மயில்வாகனம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒவ்வொரு எறிதலுக்கும் அவருடைய பாடம்தான் பொய்யாகிக்கொண்டிருந்தது. ஆறாவது பிள்ளை போய்விட்டால் மற்ற ஐந்துக்கும் வகுப்பில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தடியை ஊன்றி, வள்ளத்தைத் திரும்பக் கிட்டக் கொண்டுவந்தார்.

"இனி எறியக்கூடாது. பறிக்கோணும். நான் பூசணிக்காயைப் பிடிச்சிருக்கிறன், நீங்கள் பறியுங்கோ. நான் விடமாட்டன். பிறகு நான் பறிப்பன், நீங்கள் விடாதேங்கோ."

ஹமீட் எட்டிப் பிடித்து இழுத்தார். மயில்வாகனம் திருப்பி இழுத்தார். ஒவ்வொரு இழுவைக்கும் வள்ளங்கள் நெருங்கி வந்தன. கடைசி இழுவையில் இரண்டும் 'டொக்' என்று முட்டின. மாஸ்டர் ஒரு பக்கமும் ஹமீட் மறுபக்கமுமாகத் தண்ணீருக்குள் விழுந்தார்கள். பூசணிக்காய் தன்பாட்டில் மிதந்து போயிற்று.

இடுப்பளவு தண்ணீரில் எழுந்து நின்ற ஹமீட், முகத்தில் ஒட்டிய பாசியை வழித்தார்.

"விளங்குது. ஆனா மாஸ்டர், கொஞ்சம் தள்ளி நிண்டா கை எட்டாது. பறிக்கேலாதே?"

"அதாலதான் நானா, அந்த விசை கிட்டத்தில மட்டும் வேலை செய்யுது."

ஹமீட் வெகுநேரம் தலையாட்டினார். "திங்கட்கிழமை றம்லா வருவா."

மயில்வாகனம் உடம்பெல்லாம் சொட்டச் சொட்டக் கரையேறினார். குளிரில் பல் கிடுகிடுத்தாலும் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. லதீபா ஒரு துவாயை நீட்டினாள்.

"ஒரு பிள்ளையின்ர படிப்பைக் காப்பாத்திப்போட்டன், தங்கச்சி," என்றார் அவர், தலையைத் துவட்டியபடி.

"மகளை மறிக்க அவருக்கு எங்க மனசு வரும், மாஸ்டர்? போன வருசம் கணக்கு மாஸ்டரையும் இப்பிடி வெருட்டித்தான் அட்சரகணிதம் முழுக்கப் படிச்சு முடிச்சவர்."