தகப்பன் பெயர் கேட்ட படிவம்

பிள்ளைகளே, படிவம் நிரப்புவதில் ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நான் கனகாலம் நம்பியிருந்தேன். அகதியாக வந்த நாளில் இருந்து எத்தனை அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதிக் கொடுத்திருப்பேன் (பக்கத்து வீட்டு அண்ணைக்கும் சேர்த்து). அந்த நம்பிக்கைதான் என் மகள் ஆரணியின் படிப்பைக் கவிழ்க்கப் பார்த்தது.

கிரேக்கத்தில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. பதிவுக்குக் கடைசி நாள். துணைக்கு நானும் போனேன்.

பல்கலைக்கழகம் என்றால் ஒரு கட்டடம் என்று நினைத்திருந்தேன். அது பட்டணத்துக்கு நடுவில் இன்னொரு பட்டணம். மருத்துவம் ஒரு பக்கம், சட்டம் ஒரு பக்கம், விவசாயம் எங்கேயோ. சுவர் முழுக்கப் போராட்ட வாசகங்கள். படிகளில் நாய்கள் நித்திரை. எங்களுக்குரிய அலுவலகத்தைக் கண்டுபிடிக்கவே பாதிநாள் போய்விட்டது. அதுவோ ஒரு மணிக்குப் பூட்டிவிடும்.

வரிசையில் நிற்கும்போதுதான் பாஸ்போட் கொப்பி இல்லை என்று தெரிந்தது.

"அப்பா, நான் கொப்பி எடுத்துக்கொண்டு ஓடி வாறன். நீங்கள் இடத்தை மட்டும் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. ஒண்டும் கதைக்க வேண்டாம்."

"ஓம், ஓம்" என்றேன்.

அவள் திரும்பமுன்னே எங்கள் முறை வந்துவிட்டது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணிக்குக் கொஞ்சம் ஜெர்மன் தெரியும் (அதுதான் வினை). மாணவியின் பெயர் கேட்டார். ஆரணி கந்தையா என்றேன்.

"அப்பாவின் பெயர்?"

முன்னால் நிற்பது நான். அப்படியென்றால் கேட்பது என் அப்பாவைத்தானே? நெஞ்சை நிமிர்த்தி, "கந்தையா" என்றேன். (என் பெயர் சிவபாலன். அப்பாவின் பெயர்தான் இங்கே எங்கள் குடும்பப் பெயர்.)

"அம்மாவின் பெயர்?"

"பொன்னம்மா."

என் தாயையும் மறக்காமல் விசாரிக்கிறாரே என்று கண் கலங்கிவிட்டது.

முத்திரை விழுந்தது. மூச்சுவாங்க ஓடிவந்த மகள் தாளை வாங்கி வாசித்தாள். முகம் வெளுத்தது.

"அப்பா, இதில அப்பப்பாவும் அப்பம்மாவும் எல்லே என்னைப் பெத்திருக்கினம்."

பெண்மணி அவளுடைய பிறப்புப் பத்திரத்தையும் அந்தத் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையை மேலே தூக்கினார் (அங்கே அதுதான் 'ஏலாது'; முத்திரை விழுந்தால் விழுந்ததுதான்).

"அப்போ நீங்கள் யார்?"

"தகப்பன். நான் சொன்னது என் அப்பா அம்மாவின் பெயர்."

"இந்தத் தாளின்படி அண்ணன்."

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஆரணி அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. மூன்று வருடம் கிரேக்கப் பாஷையைப் படித்தவள். ஒரு சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிட்டேனே என்று படியில் போய் இருந்தேன். பக்கத்தில் கிடந்த நாய்கூட எழும்பித் தள்ளிப் போனது.

அவள் சுவரில் தாளை வைத்து, தன் தகப்பனின் அறியாமையைக் கிரேக்கத்தில் விளக்கி ஒரு விண்ணப்பம் எழுதினாள். வாசித்த பெண்மணி என்னை எட்டிப் பார்த்தார். பாவம் பார்த்தாரோ என்னவோ, தற்காலிகப் பதிவு ஒன்று கொடுத்தார். திருத்தம் வந்துசேர ஒரு படிப்புத் தவணை முழுக்கப் போனது.

ஞாயிறுகளில் ஆரணி அங்கிருந்து போன் எடுப்பாள். கதைத்து முடித்ததும் மனைவி போனை என்னிடம் நீட்டுவாள்.

"இந்தாங்கோ, உங்கட தங்கச்சி."