ஓர் அடுப்பு, ஒரு குடும்பம்

மைத்துனனை அறிவியல் முறைப்படி வெளியேற்றுவது என்று முடிவு செய்தேன்.

அறிவியல் அல்லாத முறைகளை ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. ஜாடையாகப் பேசிப் பார்த்தேன். அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் கொட்டாவி விட்டுப் பார்த்தேன். ரயில் கால அட்டவணை ஒன்றை வாங்கி, அவன் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். அவன் அதை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக் காலுக்கு முட்டுக் கொடுத்தான். அதற்குப் பிறகு மேசை ஆடவில்லை.

"பாத்தீங்களா? எத்தனை வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டிருந்தேன்" என்றாள் மனைவி.

நான் மக்கள்தொகைப் புள்ளிவிவர அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. மனிதர்கள் எங்கே பிறக்கிறார்கள், எங்கிருந்து எங்கே போகிறார்கள், எத்தனை வயதில் சாகிறார்கள் என்பதெல்லாம் கடைசியில் என் மேசைக்கு வந்தாக வேண்டும். நாலு நாள் தங்குவதாகச் சொல்லி என் வீட்டுக்கு வந்தவன் ஐந்தாவது மாதமும் ஏன் போகவில்லை என்பதற்கு மட்டும் அங்கே விளக்கம் இல்லை.

அவன் மனைவியின் தம்பி. மின்விசிறி பழுது பார்ப்பவன். வேலை செய்த கடையை மூடிவிட்டார்கள். வேறு இடம் கிடைக்கும்வரை தற்காலிகமாக, என்று வந்தான். மனதுக்குள் நான் அவனுக்கு வைத்த பெயரே தற்காலிகம்தான். அவனுக்குப் பின்னறையைக் கொடுத்தார்கள். அது என் அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு சன்னல், உள்பக்கம் தாழ்ப்பாள். அலுவலகம் விட்டு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, இரவுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை அங்கே ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு ஓர் அறை எவ்வளவு அவசியம் என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அங்கே பதினோரு மின்விசிறிகள். எல்லாம் இறக்கை கழற்றியவை. அறை நிறைய விசிறி, மருந்துக்கும் காற்றில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில், மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தேன்.

"இந்த வீட்டோட மக்கள்தொகை ரொம்பக் கூடிப் போச்சு."

"உங்க அம்மா, நீங்க, நான், என் தம்பி. நாலு பேரு. இது ஒரு கூட்டமா?"

"எண்ணிக்கை முக்கியமில்ல. அடர்த்திதான் முக்கியம். ஆளுங்க எண்ணிக்கையை இடத்தோட பரப்பால வகுக்கணும்."

"வகுத்தா?"

"அதிகமா வருது. குறைச்சாகணும்."

"அதுக்கென்ன, குறைச்சுடலாமே. இதைவிடப் பெரிய வீடாப் பாருங்க."

இருபது வருடமாக அடர்த்தி கணக்கிடுகிறேன். வகுக்கும் எண்ணை யாராவது கூட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றியதில்லை.

"அதெல்லாம் நடக்கற காரியமா? ஆளைக் குறைக்கறதுதான் சுலபம். ஒரு இடத்துல ஆள்தொகை மூணே வழியிலதான் மாறும். பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு."

துணி மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பிறப்பு கூட்டும். சரி. இறப்பு குறைக்கும். அப்போ என் தம்பி..."

"ஐயையோ, நான் மூணாவதைச் சொல்றேன்!"

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? அத்தை, இங்க வாங்களேன். உங்க பிள்ளை பேசற பேச்சைக் கேளுங்க."

என் அம்மா வந்தாள். கேட்டாள்.

"ஏண்டா, போன வாரம் உன் மூக்குக்கண்ணாடிக் காலை ஒட்டிக் குடுத்தானே, அவனா சாகணும்?"

"யாரும் சாக வேண்டாம்மா! நான் சொல்ல வந்தது வேற. சார்ந்திருப்போர் விகிதம்னு ஒண்ணு இருக்கு. சம்பாதிக்கறவங்க எத்தனை பேரு, அவங்களை நம்பி உக்காந்திருக்கறவங்க எத்தனை பேருன்னு பாக்கறது."

"பாக்கலாமே" என்றாள் மனைவி. "காலையில உங்க துண்டை எடுத்துக் குடுக்கறது யாரு?"

"நீ."

"கட்டியிருக்கற வாட்ச் எங்கன்னு தேடறப்போ, கையில இருக்குன்னு சொல்றது?"

"அம்மா."

"கேஸ் சிலிண்டரைத் தூக்கிட்டு வந்து மாட்டறது?"

நான் பின்னறைப் பக்கம் பார்த்தேன்.

"அவ்வளவுதாங்க கணக்கு. ஆஃபீஸ்ல நீங்க சார். வீட்டுல சார்ந்திருப்பவர்."

அம்மா சிரித்தாள். பெற்றவள் சிரித்தால் பிள்ளைக்கு மேல்முறையீடு கிடையாது.

மறுநாள் நேராக அவனிடமே போனேன். எங்கள் துறையில் ஒருவர் ஓரிடத்தில் வழக்கமாக வசிப்பவரா, வந்துபோகிறவரா என்று தீர்மானிக்க ஒரு விதி உண்டு. ஆறு மாதம் தங்கியிருக்க வேண்டும். அல்லது ஆறு மாதம் தங்கும் எண்ணமாவது இருக்க வேண்டும்.

"உன் எண்ணம் என்னப்பா?"

அவன் ஒரு விசிறியின் வயிற்றுக்குள்ளிருந்து தலையை எடுத்தான். முகத்தில் கிரீஸ்.

"எனக்கா அத்தான்? எனக்கு எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது."

"நல்ல எண்ணம்? ஏதாவது?"

"எண்ணமே கிடையாது அத்தான். நான் உண்டு, என் விசிறி உண்டு."

எண்ணம் இல்லாதவனை எந்தக் கட்டத்தில் எண்ணுவது? விதியில் இதற்கு வழியில்லை. சாயங்காலம் அவன் என் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்திருந்தான். எதிரி என்றால் எதிரியாக இருக்க வேண்டாமா?

அந்தச் சமயத்தில்தான் அதிர்ஷ்டம் அடித்தது. பெரிய கணக்கெடுப்புக்கு முன்னால் சில தெருக்களில் மட்டும் முன்னோட்டம் பார்ப்போம். தெருக்களைச் சீரற்ற முறையில் தேர்ந்தெடுப்பது வழக்கம். எங்கள் தெரு தேர்வாகியிருந்தது. எங்கள் தெருவைப் பார்த்தவர்கள், அதைவிடச் சீரற்ற தெரு கிடைக்காது என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

கணக்கெடுக்கப் போகிறவர்களுக்கான கையேட்டில் மூன்றாம் அத்தியாயம் நான் எழுதியது. குடும்பம் என்றால் என்ன என்பது அதன் பொருள். உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம். வரையறுக்க உட்கார்ந்தால் வியர்த்துவிடும். ஒரே கூரையின் கீழ் இருப்பவர்களா? அப்படியானால் விடுதியும் சிறைச்சாலையும் குடும்பமாகிவிடும். இரத்த உறவா? தெருவே குடும்பமாகும். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு இப்படி எழுதினேன்: 'ஒரே அடுப்பில் வழக்கமாகச் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். உறவுமுறை இதைத் தீர்மானிக்காது.' மேலதிகாரி அந்த வரியைப் பாராட்டினார். அன்று சாப்பிடும்போது வீட்டில் அதைப் படித்துக் காட்டினேன். அம்மா தண்ணீர் கேட்டாள். மனைவி மட்டும், "இன்னொரு தரம் படிங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

தற்காலிகத்துக்குத் தனியாக ஓர் அடுப்பு இருந்தால்? அவன் தனிக் குடும்பம். அரசாங்கமே எழுதிவிடும். தனிக் குடும்பத்துக்கு என் அறையில் என்ன வேலை?

மனைவியிடம் முதலில் உடன்பாடு செய்துகொண்டேன். பின்னால் தகராறு வரக்கூடாது.

"கணக்கெடுக்க வர்ற பொண்ணு யாரைத் தனிக் குடும்பம்னு எழுதறாளோ, அவங்க பின்னறையை விட்டுட்டு வேற இடம் பாத்துக்கணும். அந்த அறை பெரிய குடும்பத்துக்கு. சம்மதமா?"

"யாரா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

"எழுதினது எழுதினதுதான். அப்புறம் மாத்தப்படாது."

"மாத்தவே முடியாது. அரசாங்க வேலை."

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவள் எதையும் உடனே ஒப்புக்கொண்டதில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்றைக்கே ஒரு மின்சார அடுப்பு வாங்கி வந்தேன். நல்லதாகவே வாங்கினேன். மைத்துனன் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான்.

"அத்தான், எம்மேல இவ்வளவு பாசமா உங்களுக்கு!"

கட்டிக்கொண்டிருந்த வரையில் எனக்குக் கூச்சமாக இருந்தது. விட்டதும் சரியாகிவிட்டது.

"உனக்குப் பிடிச்சதை நீயே செஞ்சு சாப்பிடலாம் பாரு. அக்காவுக்கும் பாரம் குறையும்."

"ஆமா, பாரம் குறையும்" என்றாள் மனைவி.

அவன் வேலை செய்த கடைக்கு மாடியில் ஒரு ஓட்டல் சமையல்காரர் குடியிருந்தார். இவன் அவரோடு ஏழு வருடம் ஒரே அறையில் இருந்து, கூடமாட எல்லாம் கற்றுக்கொண்டிருந்தான். இந்தத் தகவலை நான் சேகரிக்கவில்லை. அவன் அக்காவுக்குத் தெரியும்.

முதல் நாள் பின்னறையிலிருந்து பூண்டு வதங்கும் வாசனை வந்தது. நாங்கள் மூவரும் சமையலறைச் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் அம்மா, "சும்மா ருசி பாத்துட்டு வரேன்" என்று தட்டோடு எழுந்து போனாள். திரும்பி வரவில்லை. பெற்ற தாயே புலம்பெயர்ந்துவிட்டாள். அதற்கடுத்த வாரம் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"நம்ம ரெண்டு பேருக்காகத் தனியா எதுக்குங்க உலை வைக்கணும்? தம்பியே எல்லாருக்கும் செஞ்சுடறான். நீங்களும் அங்கயே வந்து சாப்பிடுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

காரணத்தைச் சொல்ல முடியுமா? நானும் அங்கே சாப்பிட்டால் எல்லோரும் ஓர் அடுப்பு. எல்லோரும் ஒரு குடும்பம். திட்டம் பாழ். சமையலறை அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருக்கும்வரைதான் அவன் தனி. யாராவது அதைக் காப்பாற்றியாக வேண்டும்.

"கொள்கை" என்றேன்.

"கொள்கைக்கு உப்பு எந்த டப்பாவுலன்னு தெரியுமா?"

தெரியாது. தேடிக் கண்டுபிடித்தேன். முதலில் கண்டுபிடித்தது சர்க்கரை. முட்டை வேக வைத்தேன். உருளைக்கிழங்கு வேக வைத்தேன். மாறுதலுக்காக இரண்டையும் சேர்த்து வேக வைத்தேன். பின்னறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். தட்டு உரசும் சத்தம் வரும். அம்மா, "இன்னும் ஒரு கரண்டி போடுப்பா" என்பாள். நான் மேடைமேல் தட்டை வைத்து நின்றபடியே உண்டு, பிரதான குடும்பத்தின் சுடரை அணையாமல் காத்தேன். இன்னும் கொஞ்ச நாள்தான், என்று முட்டையிடம் சொல்லிக்கொண்டேன்.

கணக்கெடுப்பு நாள் வந்தது. வந்த பெண்ணை எனக்குத் தெரியும். என் பயிற்சி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டவள்.

"சார், இது உங்க வீடா!"

"எனக்காக எதையும் மாத்த வேண்டாம்மா. கையேட்டுல இருக்கற மாதிரியே கேளு" என்றேன் கம்பீரமாக.

கேட்டாள். மனைவிதான் பதில் சொன்னாள்.

"இந்த வீட்டுல எத்தனை அடுப்பு எரியுதுங்க?"

"ரெண்டு."

நான் புன்னகைத்தேன்.

"முதல் அடுப்புல வழக்கமா யார் யார் சாப்பிடறீங்க?"

"நான், என் மாமியார், என் தம்பி. அந்த அடுப்பு பின்னறையில இருக்கு."

"ரெண்டாவது?"

மனைவி என்னைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். மைத்துனன் மட்டும் தரையைப் பார்த்தான். நல்ல பையன்தான்.

"அது இவரோடது. தனியாப் பொங்கித் திங்கறாரு."

"இரும்மா, இரு" என்றேன். "இது ஒரு தற்காலிக ஏற்பாடு."

"வழக்கமாச் சாப்பிடறதுன்னா கடந்த முப்பது நாள்னு நீங்க சொல்லிக் குடுத்தீங்களே சார். எத்தனை நாளா சார் நடக்குது?"

அம்மா முந்திக்கொண்டாள். "மாசத்துக்கு மேலயே ஆச்சும்மா. வெறும் முட்டையாத் தின்னு பிள்ளை பாதியா இளைச்சுட்டான்."

"நான் இவங்க புருஷன்மா!"

"உறவுமுறை இதைத் தீர்மானிக்காது சார். மூணாம் அத்தியாயம்." அவள் குரலில் மரியாதை துளியும் குறையவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

முதல் குடும்பம். தலைவர், என் மனைவி. உறுப்பினர்கள் மூவர்.

இரண்டாம் குடும்பம். அவள் பேனாவைத் தூக்கி, "தலைவர் நீங்கதானே சார்?" என்றாள்.

ஆக, என் வீட்டில் முதல்முறையாக நான் குடும்பத் தலைவர் ஆனேன். உறுப்பினர் ஒருவர். அவரும் நான்தான்.

அந்தப் பெண் அடுத்த வீட்டுக்குப் போனதும் மனைவி கதவைச் சாத்தினாள்.

"எழுதினது எழுதினதுதான், இல்லீங்களா?"

"நான் எங்க போவேன்?"

"உங்களை வெளிய அனுப்ப நான் என்ன கல்நெஞ்சக்காரியா? சமையலறையை நீங்களே வெச்சுக்குங்க. நீங்க அந்தப் பொண்ணுக்காக வாசல்ல காத்திருந்தப்பவே தம்பி உங்க மேசை நாற்காலியை அங்க கொண்டுபோய்ப் போட்டுட்டான். சன்னல் இருக்கு. தாழ்ப்பாளும் வெச்சுக் குடுத்திருக்கான். தனியா ஒரு அறை வேணும்னுதானே இத்தனை பாடுபட்டீங்க?"

போய்ப் பார்த்தேன். உண்மைதான். என் மேசை. என் நாற்காலி. புதுத் தாழ்ப்பாள். அவன் அதற்கு எண்ணெய்கூடப் போட்டிருந்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றும் செய்யாமல் இருக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் தொட்டி கண்ணில் பட்டது. மூன்று தட்டு, நாலு கரண்டி, அடிப்பிடித்த ஒரு பெரிய சட்டி.

"இதெல்லாம் உங்க குடும்பத்துப் பாத்திரமாச்சே!" என்று கத்தினேன்.

கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"எங்க குடும்பத்துல குழாய் இல்லீங்க, தலைவரே. கழுவி வெச்சிடுங்க."