சாய்தளத்துக்கு மூன்று படி

சாய்தளத்தின் சிமெண்ட் காய்வதற்கு முன்பே அது மனைவி உலகம்மையின் கண்ணில் பட்டுவிட்டது. தாணுவின் கெட்ட நேரம், வேறென்ன சொல்ல.

"கடைக்குள்ள இருந்து ரோட்டைப் பாத்துல்லா சரியுது," என்றாள். "கல்லாவுல விழுற துட்டெல்லாம் உருண்டு தெருவுக்குப் போகட்டும்னு கட்டினீங்களா?"

"துட்டு உருளாது உலகம். வீல்சேர்தான் உருளும்," என்றார் தாணு.

சாலைக் கடைத்தெருவில் தாணுவின் ஜவுளிக்கடை வாசலில் மூன்று படிகள் இருந்தன. கரமனை விஷ்ணுப்ரியா, வங்கி அதிகாரி, சக்கர நாற்காலியில் போய்வருகிறவள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "யாரும் தூக்கிவிடாம நானே உள்ள வர முடிஞ்சா, கல்யாண ஜவுளி மொத்தமும் உங்க கடையிலதான் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை வரேன்," என்று போனில் சொல்லிவிட்டாள். மால்கள் வந்த பிறகு ஈ ஓட்டிக்கொண்டிருந்த தாணுவுக்கு அந்தக் கல்யாணம்தான் இந்த வருஷத்து ஓணமும் தீபாவளியும். மறுநாளே படிகளை இடித்துச் சாய்தளம் கட்டினார்.

உலகம்மை விடுவாளா? வாஸ்து சேஷனுக்குப் போன் போட்டாள். ஊரில் பாதி வாசல் அவர் சொல்லித்தான் அமைந்தது. ஆனால் எந்த வாசலுக்கும் அவர் நேரில் போனதில்லை. போட்டோ அனுப்பினால் போதும், கட்டணத்தையும் சேர்த்து அனுப்பினால் உத்தமம். நேரில் வராத மனுஷனுக்கு மதிப்பு கூடத்தானே செய்யும்.

"அடியில ஒரு படி வச்சுத் தடுத்துடுங்கோ. லக்ஷ்மி வெளியில போக மாட்டா," என்றார் சேஷன்.

படி வைத்தாயிற்று. கணக்குப்பிள்ளை அருமைநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"மொதலாளி, படியேற முடிஞ்சவனுக்கு ராம்ப் எதுக்கு?"

தாணு படிக்கு முன்னால் இன்னொரு குட்டிச் சாய்தளம் கட்டினார். அதுவும் ரோட்டைப் பார்த்துத்தான் சரிந்தது. பின்னே வானத்தைப் பார்த்தா சரியும்? போட்டோ போயிற்று, பதிலும் வந்தது. "அதுக்கும் ஒரு படி." அந்தப் படிக்கு முன்னால் இன்னொரு சறுக்கல், அதற்கும் ஒரு படி. வியாழக்கிழமை கட்டடம் தெருவோரச் சாக்கடை ஓடையைத் தொட்டு நின்றது. முன்பு வெறும் மூன்று படி. இப்போது மூன்று படியும் மூன்று சறுக்கலும்.

வெள்ளிக்கிழமை விஷ்ணுப்ரியா வந்தாள். சக்கர நாற்காலி முதல் படியில் முட்டி நின்றது.

"அண்ணாச்சி, இது என்ன, கோவில் குளமா?"

கடைப் பையன்கள் நான்கு பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"தூக்கறதா இருந்தா பழைய படியே போறுமே," என்றாள் அவள். "என் கல்யாணப் புடவைய மூட்டை மாதிரி வந்து இறங்கி எடுக்க வேண்டாம் கேட்டேளா."

தாணு பட்டுப்புடவைகளை ரோட்டுக்கே கொண்டுவரச் சொன்னார். நாலு புடவை விரிப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் நடைபாதைத் தள்ளுபடி என்று நினைத்து ஒரு பட்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விலை கேட்டார்.

விஷ்ணுப்ரியாவின் முகம் சுண்டிப்போயிற்று. "பத்து நிமிஷம் பாப்பேன் அண்ணாச்சி. அப்புறம் மாலுக்குப் போயிடறேன்."

தாணுவுக்கு வெட்கமாக இருந்தது. வியாபாரம் போகிறதே என்பதைவிட அந்த முகம்தான் அவரை வாட்டியது. கடப்பாரையைத் தூக்கினார். உலகம்மை குறுக்கே வந்து படியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"சேஷன் சார் நேர்ல வந்து சொல்லட்டும். அப்பம் எந்திக்கேன்."

தாணு போனை எடுத்தார்.

"நேர்லயா? நான் எங்கயும் போறதில்லைன்னு தெரியுமோல்லியோ?" என்றார் சேஷன்.

"சார், கும்பிட்டுக் கேக்கேன். இந்த ராம்ப்ப நீங்களே ஒருக்கா பாத்துச் சொல்லிருங்க."

"ஆமா, உங்க கடையில ராம்ப் உண்டோல்லியோ," என்றார் சேஷன், புதிதாக ஏதோ நினைவுக்கு வந்தவர் போல. குரலே மாறியிருந்தது. "இதோ புறப்பட்டாச்சு."

சேஷன் சார் நேரில் வருகிறார் என்ற செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. எதிர்க்கடைக்காரர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். தாணுவுக்கு அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

ஆட்டோ வந்து நின்றது. பின்சீட்டில் நெற்றியில் சந்தனக்கீற்றும் தோளில் ஜரிகை நேரியலுமாக சேஷன். தாணு கைகூப்பினார்.

"எறங்கி வாங்க சார்."

சேஷன் இறங்கவில்லை. முதல் படியைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார், உலகம்மை உட்கார்ந்திருந்த மூன்றாவதையும் பார்த்தார். ஆட்டோக்காரன் அபிலாஷ் தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி, வண்டியின் பின்பக்கம் போனபடியே விஷ்ணுப்ரியாவிடம் சொன்னான்:

"மேடம், ஒரு ஓரமா ஒதுங்கிக்கணும், சாரோட வீல்சேரையும் இங்கதான் விரிக்கணும். வாசலுக்கு வாசல் படி வைக்கச் சொல்லிச் சொல்லியே, இந்த ஊர்ல சாருக்கு ஏறிப்போக ஒரு வாசல் இல்லாம ஆயிப்போச்சு."