ஏழு படிக் கொலுவும் நாலு பெட்டிப் பாட்டும்

"ஆபீஸுக்கு அனுப்புங்கோ, ஆபீஸுக்கு அனுப்புங்கோ" என்று கடைக்காரரிடம் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தும் பார்சல் வீட்டுக்கே வந்துவிட்டது. மாட்டுங்கா வீட்டு ஹாலில் ஜெயராமின் காலடியில் சின்ன ஃப்ரிட்ஜ் மாதிரி உட்கார்ந்திருந்தது. கொண்டுவந்த ஆள் கையெழுத்து வாங்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டான்.

ஷ்யாமளா மார்க்கெட்டிலிருந்து திரும்ப இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

பார்சலில் இருந்தது வெடிகுண்டாக இருந்திருந்தால்கூட ஜெயராம் இவ்வளவு வேர்த்திருக்க மாட்டார். உள்ளே நாலு பாட்டுப் பெட்டிகள். எழுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்கப் பட்டிக்காட்டுப் பாட்டு. கண்ட்ரி இரண்டு பெட்டி, அதையே துள்ளிக் குதித்துப் பாடும் ராக்கபில்லி இரண்டு பெட்டி. ஜெர்மனியில் யாரோ ஒரு புண்ணியவான் பழைய டேப்பையெல்லாம் தூசி தட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பத்துப் பன்னிரண்டு சிடியும் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றும் வைத்து மறுபடி வெளியிடுகிறான். எந்தத் தேதியில் யார் கிடார் வாசித்தான், எத்தனையாவது தடவையில் பாட்டு சரியாக வந்தது, எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கும். சரியாக வராத தடவைகளும் சிடியில் இருக்கும்.

"ஒரே பாட்டை நாலு தடவை தப்பாப் பாடிட்டு அஞ்சாவது தடவை சரியாப் பாடறான். அந்த நாலு தப்பையும் சேர்த்து விக்கறான். அதையும் வாங்க மாட்டுங்கால ஒரு ஆள் இருக்கு" என்பாள் ஷ்யாமளா.

அந்த ஆளுக்கு வயது ஐம்பத்து நாலு. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மற்றவர் கையெழுத்தைச் சரிபார்க்கும் வேலை. இருபது வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பதினோரு பெட்டிகள் ஹால் ஷெல்ஃபில் இருந்தன. அந்தப் பதினொன்றுக்கும்தான் இப்போது ஆபத்து.

இரண்டு மாதத்துக்கு முன் ஷ்யாமளா ஒரு மடக்கு ஸ்டீல் கொலுப்படி கேட்டாள். "எத்தனை வருஷம்தான் டிரங்குப் பெட்டியும் ஸ்டூலும் அடுக்கி அஞ்சே படி கட்டறது? ஏழு படிக்குப் பொம்மை இருக்கே!"

ஜெயராம் பேசாமல் இருந்திருக்கலாம். "ஒம்பது நாளைக்கு ஒரு ஸ்டாண்டா? பாக்கி நாளெல்லாம் அதை என் தலையிலயா வெச்சுக்கறது? இந்த ஆத்துல இனிமே ஒரு பெட்டிக்குக்கூட இடம் கிடையாது" என்றார்.

"நீங்க சொன்னது. நான் சொல்லலை" என்றாள் ஷ்யாமளா மெதுவாக. "இனிமே ஒரு பாட்டுப் பெட்டி வாசப்படி தாண்டித்துன்னா, ஷெல்ஃப்ல இருக்கற பதினொண்ணும் ரத்திக்காரனுக்கு. பழைய பேப்பரோட பேப்பரா எடை போட்டு எடுத்துண்டு போகட்டும்."

இனி வாங்குவதில்லை என்று குருவாயூரப்பன் படத்துக்கு முன்னால் ஜெயராம் சத்தியமும் பண்ணியாயிற்று. ஷ்யாமளா சொன்னால் செய்கிறவள். ஒரு தடவை அவருடைய பெல்பாட்டம் பேண்டுகளை இப்படித்தான் சொல்லிவிட்டுப் பழைய துணிக்காரனிடம் போட்டாள்.

அப்புறமும் ஏன் வாங்கினார் என்றால், மாஹிமில் பழைய ரெக்கார்டுக் கடை வைத்திருக்கும் மெஹராஜ் போன் செய்துவிட்டார். "சார், நாலு பொட்டி வருது. எல்லாம் ஒரே அளவு. பன்னெண்டரை இஞ்ச் சதுரம், அஞ்சு இஞ்ச் கனம். ஒரு ஆளு ஏறி நின்னாலும் அமுங்காது பாத்துக்கிடுங்க."

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இவர் ஏன் சிமெண்ட் கல் விற்கிறார் என்று ஜெயராமுக்கு ஒரு வினாடி தோன்றியது. மறு வினாடி "எடுத்து வைங்கோ" என்று சொல்லிவிட்டிருந்தார்.

இப்போது பார்சலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிப் பார்த்தார். முக்கால்வாசி போயிற்று, கால்வாசி வெளியே நின்றுகொண்டு போக மாட்டேன் என்றது. பிரித்தால் போகுமே என்று பிரித்தார். உள்ளேயிருந்து வீட்டையே சுற்றும் அளவுக்குக் குமிழ்த் தாள் வந்தது. கால் வைத்த இடமெல்லாம் பட்பட்டென்று தீபாவளி. அதைச் சுருட்டி வாஷிங் மெஷினுக்குள் திணித்தார். அட்டையை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சொருகினார். கட்டிலுக்கு அடியில் ஷ்யாமளா தினமும் துடைப்பம் விடுவாள் என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. ஒரு பார்சலை மறைக்கப் போய் இப்போது மறைக்க வேண்டியவை மூன்றாகிவிட்டன.

பக்கத்து ஃப்ளாட் அனந்தகிருஷ்ணனிடம் கொடுத்து வைக்கலாமா? அவரிடம் ஒரு ரகசியம் காலையில் போனால் சாயங்காலத்துக்குள் ரயில் ஏறிப் போய்ச் சுனாபட்டியில் கேட்கும். வேண்டாம்.

அப்போதுதான் ஹால் மூலையைப் பார்த்தார். நாளைக்கு நவராத்திரி. "நான் வரதுக்குள்ள படி கட்டி வேஷ்டி விரிச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஷ்யாமளா போயிருந்தாள். டிரங்குப் பெட்டிகளும் ஸ்டூல்களும் வழக்கமான ஐந்து படிகளாக நின்றன. அதில் கீழ்ப்படியே ஸ்டூல் உயரம். அதற்கு முன்னால் தரை வெறுமனே கிடந்தது. கதவுக்குப் பின்னால், சமையலறை ஷெல்ஃபுக்கு என்று போன வாரம் ஷ்யாமளா வாங்கிய இரண்டு புதுப் பலகைகள் சாய்ந்திருந்தன.

இரண்டு பெட்டிகளை இந்தக் கோடியில் ஒன்றும் அந்தக் கோடியில் ஒன்றுமாக நிறுத்தி மேலே ஒரு பலகை போட்டார். ஆறாவது படி! மற்ற இரண்டையும் அதற்கு முன்னால் படுக்க வைத்து இன்னொரு பலகை. ஏழு! மேலிருந்து கீழ்வரை வெள்ளை வேஷ்டியை விரித்து இழுத்துவிட்டார். கண்ணால் பார்த்துக் கட்டின மாதிரி இல்லை, டேப் வைத்து அளந்து கட்டின மாதிரி இருந்தது. குருவாயூரப்பன் கைவிடவில்லை என்று படத்தைப் பார்த்துக் கும்பிட்டார். சத்தியம் நினைவுக்கு வந்து உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏழு படியா!" ஷ்யாமளா காய்கறிப் பையோடு வாசலிலேயே நின்றாள். "எதை வெச்சுக் கட்டினேள்?"

"ஏதோ... பழைய ஆபீஸ் ஃபைல் பெட்டி."

"சரி, சரி. கொலுவுக்கு அடியில யார் பாக்கப் போறா?" என்று அவள் பாட்டுக்கு உள்ளே போனாள். வாஷிங் மெஷினைத் திறந்தவள், "குமிழ்த் தாள் நன்னாயிருக்கே. பொம்மை சுத்தி வைக்க ஆகும்" என்று எடுத்து வைத்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. தப்பித்தோம் என்று ஜெயராம் மூச்சு விட்டார்.

மூச்சு மறுநாள் காலை வரைக்கும்தான் வந்தது. கீழ்ப்படியில் ஷ்யாமளா பூங்கா வைத்தாள். பெரிய தட்டில் மண் கொட்டி, கடுகு விதைத்து, நடுவில் ஒரு கிண்ணத்தைக் குளமாக்கி, சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"தண்ணியா!" என்று ஜெயராம் அலறினார்.

"கடுகு பின்னே பாலை ஊத்தினா முளைக்கும்?"

"நான் விடறேன். ஒம்பது நாளும் நானே விடறேன். நீ சமையலைப் பாரு."

"சுண்டலுக்குக் கடலை ஊறப் போடணும்..."

"அதையும் நான் போடறேன்!"

அன்றிலிருந்து ஜெயராம் விடியற்காலையில் எழுந்து, கண்ணுக்கு மருந்து விடும் குழாயால் கடுகுக்குச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டார். ஆபீஸுக்கு லீவு போட்டார். சுண்டல் தாளித்தார். வந்தவர்களுக்கு வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுத்தார். கல்யாணம் ஆன இருபத்தெட்டு வருஷத்தில் ஷ்யாமளா நவராத்திரியில் நாற்காலியில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் யார் வீட்டுக் குழந்தையோ குளத்தில் கை விட்டு அளைந்தது. நாலு சொட்டு வேஷ்டியில் இறங்கிற்று. ஜெயராமின் வயிற்றில் நாலு வாளி இறங்கிற்று. எல்லாரும் போனபின், ஷ்யாமளா சமையலறையில் இருந்த சமயம் பார்த்து, குப்புறப் படுத்துக்கொண்டு வேஷ்டிக்கு அடியில் கையை விட்டார். பெட்டி நனைந்ததா என்று ஒரு விரலால் தடவிப் பார்த்துவிட்டால் போதும்.

"ஆஹா, சாஷ்டாங்க நமஸ்காரமா! என்ன பக்தி ஓய்!"

அனந்தகிருஷ்ணன் மனைவியோடு பின்னால் நின்றார். ஜெயராம் திடுக்கிட்டுக் கையை இழுத்தார். பலகை நகர்ந்து, புடவை கட்டின செட்டியாரம்மா பொம்மையும் பருப்புக் கடையும் ஆட, பெட்டிக்கும் பலகைக்கும் நடுவில் ஆள்காட்டி விரல் மாட்டிக்கொண்டது.

அவர் வாயிலிருந்து வந்த ஓசையை எழுத்தில் எழுத முடியாது. அடித்தொண்டையில் புறப்பட்டு, படாரென்று உச்சிக்குத் தாவி, அங்கேயே நடுங்கிவிட்டு, மறுபடி அடியில் விழுந்து, மறுபடி தாவியது. அமெரிக்க மலைநாட்டுப் பாடகர்கள் தொண்டையை இப்படித்தான் உடைத்துப் பாடுவார்கள். இருபது வருஷமாகக் குளியலறையில் முயன்றும் ஜெயராமுக்கு வராதது, இன்று அட்சர சுத்தமாக வந்துவிட்டது.

அனந்தகிருஷ்ணன் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். "பலே! கொலுவுக்கு வந்தா நாமன்னா பாடணும்? ஆத்துக்காரரே பாடிட்டார். அது என்ன ராகம் ஓய்? மந்தரத்துலேர்ந்து ஒரே தாவு, நடுவுல ஒரு ஸ்வரம் கிடையாது!"

"அது... வந்து... விதேசி" என்றார் ஜெயராம், கண்ணில் நீரோடு.

"பாவம் பாரு, கண்ல தண்ணி!" என்று உருகினாள் அந்த மாமி.

மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள், கொலு பார்க்க அல்ல, பாட்டுக் கேட்க. செம்பூரிலிருந்து ஒருவர் ரெக்கார்டு பண்ண போனை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஜெயராம் எவ்வளவோ முக்கிப் பார்த்தும் தொண்டை உடையவில்லை. வெறும் ஏப்பம்தான் வந்தது. கூட்டம் கொலுவையே உற்றுப் பார்க்க ஆரம்பித்தது. ஒரு மாமி, "படி எவ்வளவு மட்டமா இருக்கு! எதுல நிக்கறது?" என்று வேஷ்டி ஓரத்தைத் தொடக் குனிந்தாள்.

வேறு வழியில்லை. ஜெயராம் நமஸ்காரம் பண்ணுகிற சாக்கில் விழுந்து, நடு விரலைத் தானே பலகைக்கு அடியில் கொடுத்தார்.

சங்கீதம் பிரமாதமாக அமைந்தது. மாமி குனிந்தவள் நிமிர்ந்து கைதட்டினாள்.

சரஸ்வதி பூஜைக்குள் மூன்று விரலில் கட்டு. அன்று புத்தகங்களைக் கொலுவில் அடுக்கி, மறுநாள் வரை படிக்கக் கூடாது, தொடக் கூடாது என்று ஷ்யாமளா சொன்னாள். தன்னுடைய நாலு புத்தகமும் ஒன்பது நாளாக அம்பாளின் காலடியில்தான் இருக்கின்றன என்று ஜெயராம் மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டார். விஜயதசமி ராத்திரி வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தார்கள். அதைவிட ஜெயராம் நிம்மதியாகத் தூங்கினார். காலையில் ஷ்யாமளா கோயிலுக்குப் போனதும் கொலுவைப் பிரித்து, நாலு பெட்டியையும் டாக்ஸியில் ஏற்றி ஆபீஸ் அலமாரியில் சேர்த்துவிட்டால் பதினொன்றும் பிழைத்தது.

மறுநாள் காலை ஷ்யாமளா கோயிலுக்குப் போகவில்லை. "இன்னிக்கு ஒருத்தரைச் சுண்டலுக்குக் கூப்பிட்டிருக்கேன்" என்றாள்.

காலிங் பெல் அடித்தது. ஜெயராம் கதவைத் திறந்தார். இடுப்பில் அளவெடுக்கும் டேப் தொங்க, வாசலில் மெஹராஜ் நின்றார்.

ஜெயராமின் ஐந்து பிராணனும் ஒன்றாகக் கூடி வெளியே போகலாமா என்று யோசித்தன. கண்ணைக் காட்டினார். புருவத்தைத் தூக்கினார். கட்டுப் போட்ட மூன்று விரலையும் உதட்டில் வைத்தார். பின்னால் ஷ்யாமளாவின் காலடிச் சத்தம் கேட்டது.

"இவர்... நம்ம ஆபீஸ்ல... கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவர்" என்று உளறினார். ஷெல்ஃபில் பதினோரு பெட்டிகளும் கடைசியாக ஒரு முறை அவரைப் பார்ப்பதுபோல் இருந்தது. இதோ ரத்திக்காரன், இதோ தராசு.

"வாங்கோ, உள்ள வாங்கோ" என்றாள் ஷ்யாமளா, சுண்டல் கிண்ணத்தோடு.

மெஹராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே கொலுவுக்குப் போனார். குந்தி உட்கார்ந்து, வேஷ்டி ஓரத்தைத் தூக்கி, பலகைக்கு அடியில் டேப்பை வைத்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

"நீங்க குடுத்த அளவுதான் மாமி, நூல் பிசகல. அடுத்த வருசம் ஒம்பது படின்னா, சாருக்கு இன்னும் நாலு பொட்டிக்கு இப்பமே ஆசை காட்டி வச்சிரட்டுமா?"