டொக்டரின் மனம் நோகக்கூடாது

வாசகரே, உலகத்தில் ஒரு வகை மனிதர் உண்டு. தன் நோவை ஊர் முழுவதற்கும் சொல்வார். அதைக் கேட்பதற்கென்றே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் மட்டும் வாயைத் திறக்கமாட்டார். ஜெர்மனியின் கொலோன் நகரில் இந்த இனத்துக்குத் தலைவர் பேனாட் அண்ணை.

போன குளிர்காலத்தில் யாரோ ஓர் அவசரக்காரர் சளிக்காய்ச்சல் தடுப்பூசியை அவருக்குத் தசையில் போடாமல் தோள்மூட்டிலேயே குத்திவிட்டார். அன்று தொடங்கிய நோவு உண்மையானது, சந்தேகமே வேண்டாம். பேக்கரியில் மாமூட்டை தூக்க முடியாமல் வேலை பாதியாகிவிட்டது; சேட்டுக்குள் கையை நுழைக்கவும் மனைவி வெரோனிக்கா வரவேண்டும். ஆகவே வழக்கறிஞர் யூலியாவைப் பிடித்து, தடுப்பூசியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் நட்டஈட்டைக் கேட்டு விண்ணப்பம் போட்டார்.

அதற்குப் பிறகு அவரிடம் அகப்படாதவர் யார்? திராம் வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர், பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், செத்தவீட்டில் அழுதுகொண்டிருந்த கனகவல்லி அக்கா, ஒருவரும் தப்பவில்லை.

"இஞ்ச பாருங்கோ அக்கா, இதுக்கு மேல தூக்க ஏலாது!"

அக்கா செத்தவரை விட்டுவிட்டு இவருக்காக அழத் தொடங்கினார்.

கடைசியில் தோளைச் சோதிக்க அதிகாரிகள் ஒரு டொக்டரை ஏற்பாடு செய்தார்கள். அவர் எழுதுவதை வைத்துத்தான் முடிவு. நோவை ஒன்றும் குறைக்காமல் சொல்லும்படி யூலியா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

வெரோனிக்காவும் கூடப் போனார். டொக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார். கோப்பியும் கொடுத்தார். "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார்.

"மிகவும் நலம், நன்றி" என்றார் பேனாட், தனக்குத் தெரிந்த மிக நல்ல ஜெர்மனில்.

வெரோனிக்கா மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தார்.

"கையை உயர்த்த முடியுமா?"

இவ்வளவு அன்பாகக் கேட்கும் மனிதரை ஏமாற்றலாமா? பல்லைக் கடித்துக்கொண்டு உயர்த்தினார். கண்ணில் நீர் முட்டியது.

"நோகிறதா?"

"பரவாயில்லை."

திராம் தரிப்பிடத்துக்கு வந்ததும், "ஐயோ, உயிர் போகுது!" என்று ஊரைக் கூட்டினார்.

"அதை உள்ளுக்க சொல்லியிருக்கலாமே?" என்றார் வெரோனிக்கா.

"பாவமப்பா, நல்ல மனுசன். கோப்பியும் தந்தவர்."

"அப்ப நாளைக்கு மாமூட்டை தூக்கவும் அவரே வருவாரோ?"

விண்ணப்பம் தள்ளுபடியானது. இன்னும் ஆட்சேபிக்கலாம், வேறொரு டொக்டர் பார்ப்பார் என்று யூலியா தொலைபேசியில் தைரியம் சொன்னார். பேனாட் அண்ணை நெடுநேரம் யோசித்தார். அவருடைய கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "முதல் டொக்டர் குறை நினைப்பாரோ?"

சிரிக்கிறீர்களா? போன கிழமை உங்கள் மேலதிகாரி, "வேலை கூடிப்போச்சோ?" என்று கேட்டபோது என்ன சொன்னீர்கள்? சரியான பதிலை வீட்டுக்கு வந்து யாருக்குச் சொன்னீர்கள்?