ஜெல்லி சாரும் எங்கள் வீட்டுத் தீப்பெட்டியும்

1976ஆம் ஆண்டு ஜூலை 14, புதன்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு மருத்துவ உலகின் தலையெழுத்து மாறியது. அந்த நேரத்தில்தான் ஜெல்லி சார் தீப்பெட்டி கேட்டு எங்கள் அடுக்களைக்குள் நுழைந்தார். இச்செய்தியை மருத்துவ உலகம் இன்றுவரை அறியாதிருப்பது அதன் துரதிர்ஷ்டம்.

அவர் எங்கள் மாடியில் குடியிருந்த விலங்கியல் வாத்தியார், விளாத்திகுளத்துக்காரர். ஊர் ஊராகத் தீப்பெட்டி செய்யும் வட்டாரத்தில் பிறந்தும், சொந்தமாக ஒரு தீப்பெட்டி வாங்கியவரில்லை. அன்று எங்கள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது காப்பியன்று. என் இன்சுலின் ஊசி. பதினான்கு வயதிலிருந்து எனக்குச் சர்க்கரை நோய். அதைத் தெருவுக்குத் தெரியாமல் மறைப்பதற்கென்று அம்மா ஓர் உளவுத்துறையையே நடத்திவந்தாள்.

"இது யாருக்கு?" என்றார். அம்மா பாத்திரத்தைத் தட்டால் மூடினாள். "எனக்குத்தான், சார்" என்றேன்.

அவர் முகத்தில் இரக்கம் தோன்றும் என எதிர்பார்த்தேன். பேராசை தோன்றியது.

"தங்கச்சி, வார கிறிஸ்துமஸுக்கு நீ மக்ரூன் சாப்பிடுத. நான் பொறுப்பு."

திட்டம் எளியது. எளிய திட்டங்களே அவரிடம் அபாயகரமானவை. இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை வேறோர் உடலிலிருந்து எடுத்து என் வயிற்றுக்குள் வைப்பது.

"உடம்புங்கது நம்ம துறைமுக கேட்டு மாதிரி, அம்மா. பாஸ் இல்லாதவன் வந்தா அடிச்சு விரட்டிரும். அதான் ஜெல்லிக்குள்ள பொதிஞ்சு அனுப்புதோம். ஜெல்லியும் ஒரு வலைதான். கண்ணு ரொம்பப் பொடிசு. சர்க்கரை உள்ள போவும், இன்சுலின் வெளிய வரும். அடிக்க வாரவன் மட்டும் நுழைய முடியாது."

"ஜெல்லிக்கு எங்கன போவீங்க?" என்றாள் அம்மா.

"கடக்கரையில ஒதுங்குத பாசியில இருந்து எடுத்துரலாம்."

"அவ அப்பா கப்பல்ல இருந்து வந்து கேட்டா, பிள்ளை வயித்துல பாசி வளக்கோம்னா சொல்ல? முதல்ல எலிக்கு வச்சுப் பாருங்க, சார்."

மாடியெங்கும் பாசி காய்ந்தது. தெருவின் ஈக்கள் ஒன்றுவிடாமல் எங்கள் வீட்டுக்குக் குடிபெயர்ந்தன. அவருக்கு ஜெல்லி சார் என்று பெயர் சூட்டியதோடு தெரு தன் கடமையை முடித்துக்கொண்டது.

மகாராணி என்ற வெள்ளெலிக்கு மருந்து கொடுத்து என் நோயை வரவழைத்தார். நோயில் எனக்குக் கிடைத்த முதல் தோழி அவள்தான். காலைதோறும் அவளுடைய சிறுநீரை நீல மருந்தில் கலந்து, எங்கள் தீக்குச்சியால் ஏற்றிய ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறமானால் ஏராளம். முடிவைத் தமக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கில்லை. "செங்கல்" என்று மாடியில் நின்று தெருவுக்கே அறிவிப்பார். பிறகு வேறோர் எலியின் உயிரணுக்களை, ஜவ்வரிசி போன்ற ஜெல்லி உருண்டைகளில் பொதிந்து, மகாராணியின் வயிற்றில் வைத்துத் தைத்தார். அறிவிப்பு "நீலம்" என்று மாறியது.

எதிர்வீட்டு ரோசம்மா அக்கா அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். "ஏளா, உங்க மாடி சார் வீடு கட்டுதாரா? போன மாசம் பூரா செங்கல் செங்கல்னாரு. இப்ப நீலம்ங்காரு."

"பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சிருப்பாரு" என்றாள் அம்மா, உளவுத்துறைக்குரிய நிதானத்தோடு.

நீலம் தொடர்ந்தது. அம்மா மக்ரூன் வாங்கி டப்பாவில் அடைத்து, என் கைக்கு எட்டும் அலமாரித் தட்டில் வைத்தாள். எங்கள் வீட்டில் இனிப்பு அவ்வளவு தாழ்வாக அதற்குமுன் இருந்ததில்லை. நம்பிக்கை முதலிய பலவீனங்களுக்கு நான் இடங்கொடுப்பவளல்லள். ஆயினும் காலையில் யாப்பிலக்கணத்தை விரித்துவைத்துக்கொண்டு மாடிக்குத்தான் காது கொடுத்திருந்தேன்.

டிசம்பரில் ஒரு காலை "செங்கல்" என்ற சொல் மிகத் தாழ்ந்த குரலில் கேட்டது. சில நாள் கழித்து, ஒரு மாலை கண்ணாடித் தட்டோடு அவரே இறங்கிவந்தார். தட்டில் இருந்த உருண்டைகள்மேல் வெள்ளையாக ஒரு தோல் படிந்திருந்தது.

"அடிக்க வந்தவன் உள்ள நுழையல, தங்கச்சி. வெளிய நின்னே பூசி மூடிட்டான். உள்ள இருந்ததெல்லாம் மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. நம்ம முத்துச்சிப்பி செய்யுத வேலைதான். சிப்பிக்குள்ள மூடுனா முத்து. எலிக்குள்ள மூடுனா சமாதி."

"மகாராணி?"

"காலையில போயிட்டா."

அம்மா மக்ரூன் டப்பாவை அவரிடம் நீட்டினாள். "தங்கச்சி சாப்பிடாம நான் எப்படிம்மா?" என்று மாடியேறப் போனவர், திரும்பிவந்து, சட்டைப்பையிலிருந்த எங்கள் தீப்பெட்டியை அடுப்பு மேடையில் வைத்துவிட்டுப் போனார். இரவல் வாங்கிய தீப்பெட்டியை அவர் திருப்பிக்கொடுத்தது அதுவே முதல் முறை. எலி இறந்ததைவிட எனக்கு அச்சம் தந்தது அதுதான்.

மறுநாள் காலை ஊசியைக் கொதிக்கவைத்துப் போட்டுக்கொண்டேன். ஆறே முக்கால் ஆயிற்று. படியில் காலடி கேட்கவில்லை. தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். அதை அவருடைய விளக்கருகில் வைத்துவிட்டு, "அடுத்த எலிக்கு என்ன பேர் வைக்கப்போறீங்க, சார்?" என்று கேட்டேன்.